சம்பந்தம் பேச வந்த சர்க்கார் ஆள்

பையன்கள் ஏன் கெட்டுப்போகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காகச் சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள் நான். கண்டுபிடித்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

யுத்த காலத்தில் சேலம் ஜில்லாவில் புரொபேஷன் ஆபீசராக இருந்தேன். தப்புச் செய்து அகப்பட்ட சிறுவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பத்தான் வேண்டுமா, வீட்டிலேயே இருக்கவிட்டுத் திருத்த முடியுமா என்று விசாரித்து மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கட்டும் என்று அவர் உத்தரவு போட்டால், மாதாமாதம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஜனத்தொகைக் கணக்கு எடுத்தவர்கள், இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டுகள், அம்மை குத்தப் போனவர்கள் என்று அடுத்த வீட்டுச் சங்கதியைக் கேட்டே பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு சொல்லாமலே புரியும்.

உத்தியோகத்தின் பெயர்

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். நாமக்கல் போகும் வழியில் ஒருநாள் பஸ் நின்றுவிட, கண்டக்டர் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். புளியமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு விவசாயி, "ஏனுங்க, என்ன உத்தியோகமுங்க?" என்று ஆரம்பித்தார். சொன்னேன். புரியவில்லை. போலீசா என்றார், இல்லை என்றேன். வாத்தியாரா என்றார், அதுவும் இல்லை என்றேன். பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன்.

முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "புடிக்கவும் மாட்டீங்க, பாடமும் சொல்லமாட்டீங்க, சும்மா போயிப் பையனைப் பாத்துப்போட்டு வருவீங்க. எங்கூருல இதை எங்க பெரியப்பன் சம்பளமில்லாமயே பண்ணிக்கிட்டிருக்கறாருங்க."

டவுனில் ஒரு பிரசங்கம்

சேலத்தில் ஒரு சங்கத்தார் 'சிறுவர் குற்றங்கள்: காரணமும் தடுப்பும்' என்று கூட்டம் போட்டு என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். தலைமை வகித்த வக்கீல் எனக்கு மிச்சம் வைக்காமல் எல்லாக் காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார். முதல் காரணம் டாக்கி, அதாவது பேசும் படம். இரண்டாவது கிராப்புத் தலை. மூன்றாவது டீ. இந்த மூன்றையும் ஒழித்துவிட்டால் ஜில்லாவில் ஒரு பையன் கெடமாட்டான் என்று மேஜையைத் தட்டினார். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்கும் மனசுக்குள் சந்தோஷம்தான், நான் பேச வேண்டிய நேரம் குறைந்தது.

சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று சொன்னதுதான் தப்பு. பின் வரிசையில் தலைப்பாகையோடு நின்ற ஒருவர் கையைத் தூக்கினார். அவர் வாழைப்பழத் தார் கொண்டுவந்த வண்டிக்காரர், நிழலுக்கு ஒதுங்கியவர். "எங்கூருல டாக்கியும் இல்ல, டீயும் இல்ல, பசங்க பூராக் குடுமிதானுங்க. அவுங்க எதைப் பாத்துங்க திருடறாங்க?"

கூவிக் காட்டிக்கொடுத்த சேவல்

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ராசுவின் வழக்கு வந்தது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ராசுவுக்கு மீசை அரும்பாத வயசு. அப்பா இல்லை. அம்மா நல்லம்மாள், அக்கா தெய்வானை. நல்லம்மாள் கூலி வேலைக்குப் போவதோடு, பண்ணைக்காரர் மாரப்பனின் கோழிக்குஞ்சுகளை வாரத்துக்கு வளர்த்துவந்தாள். அதாவது குஞ்சு அவருடையது, வளர்ப்பு இவளுடையது, வளர்ந்தபின் ஆளுக்குப் பாதி. அப்படிப் பிரித்தபோது ராசு கையில் வைத்து வளர்த்த செஞ்சேவல் மாரப்பன் பங்குக்குப் போய்விட்டது. அவர் அதைச் சண்டைக்குத் தயார் செய்தார். சண்டைக்கு முந்தின நாள் சேவலைக் காணோம். சோளத்தட்டுப் போருக்குள் ஒளித்து வைத்திருந்தான் பையன். விடிந்ததும் சேவல் கூவியது, துப்பு அதோடு துலங்கியது.

மாரப்பன் கோபக்காரர். போலீசில் சொல்லிவிட்டார். வழக்கு ருசுவானால் பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், வெளியே வரும்போது அவனுக்கு மீசை முளைத்திருக்கும். கோர்ட் வாசலில் அவனைத் தனியே கூப்பிட்டு ஏனப்பா எடுத்தாய் என்று கேட்டேன். சண்டையில் தோற்ற சேவலை 'கோச்சை' என்பார்கள், ஜெயித்தவன் கொண்டுபோய்க் குழம்பு வைத்துவிடுவான். ராசு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கோச்சை ஆக்கிப்போடுவாங்கன்னுதாங்க எடுத்தேன். திருடறதுன்னா விக்கறதுக்குத்தானுங்க எடுப்பாங்க?"

ஊர் முழுக்க நற்சாட்சி

அந்த ஊருக்கு விசாரணைக்குப் போனேன். வெயிலுக்குக் குடை, தோளில் அங்கவஸ்திரம். பையனின் பெயர் கெடக்கூடாது என்பதால், வழக்கு விஷயத்தை ஊராரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் முறை. ஆகவே 'நல்லம்மாள் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்' என்று மட்டும் சொன்னேன். அவள் குணம் எப்படி, குடும்பத்தில் தீராத வியாதி உண்டா, குடி உண்டா, பையன் எப்படி என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். செக்கு ஆட்டுகிறவர், பையன் பசு மாதிரி என்றார். வண்ணாத்தி அந்த வீட்டில் ஒரு துணிகூடக் காணாமல் போனதில்லை என்றாள். மாரப்பன் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. நான் யாரென்று சொல்லவே விடாமல் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "தங்கமான பையனுங்க. அந்த ஊட்டுல தாராளமாக் கை நனைக்கலாம்" என்றார். சேவலைப் பறிகொடுத்தவரே இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? இத்தனை நல்ல ஊரை நான் பார்த்ததில்லை என்று பூரித்துப் போனேன்.

நல்லம்மாள் வீட்டில் பாய் விரித்திருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கோர்ட் வாசலில் என்னைப் பார்த்தவன் ராசு ஒருவன்தான், அவனும் காட்டுக்குப் போயிருந்தான்; கோர்ட் ஆள் என்றால் காக்கி போட்டிருப்பான் என்பது மற்றவர்கள் நினைப்பு. புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு தெய்வானை மோர்ச் செம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நிமிராமல் நின்றாள். எனக்குக் குப்பென்று வேர்த்தது. ஊரில் எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து நல்லம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "மாப்பிள்ளைக்கு எந்தூருங்க, சாமி?"

வாங்கிய வாக்கு

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சம்பந்தம் பேச வருகிறவர்களைப் போலக் குடையும் அங்கவஸ்திரமுமாக வந்த ஒருவன், பெண் இருக்கும் வீட்டின் குணத்தையும் வியாதியையும் விசாரித்தால், அது வேறு எதற்காக இருக்கும்? வருகிற சம்பந்தத்தை ஒரு வார்த்தை சொல்லிக் கலைப்பதைவிடப் பெரிய பாவம் அந்தப் பக்கத்தில் கிடையாது. பகையாளிகூடச் செய்யமாட்டான். நல்லம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை, விரித்த பாயைச் சுருட்டவும் இல்லை. மோரைக் குடிக்கச் சொன்னாள். குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டேன்.

நேரே மாரப்பனிடம் திரும்பிப்போய் நான் யாரென்று சொன்னேன். சொன்னதை மாற்றிக்கொள்ள விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அவர் முகம் செஞ்சேவல் கொண்டை மாதிரி ஆகிவிட்டது. வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏமாத்தி வாக்கு வாங்கிப்போட்டீங்க. கோர்ட்டுல வெச்சுப் பேசிக்கறேன், போங்க."

கோர்ட் ஏறிய சேவல்

விசாரணை நாளில் சேவலும் ஒரு கூடையில் வந்திருந்தது. மாஜிஸ்திரேட் வாய் திறக்கும்போதெல்லாம் அதுவும் கூவியது. ராசு ஒருபக்கம், நல்லம்மாள் ஒருபக்கம். மாரப்பன் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் 'கெட்ட பயல்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராசு அன்றைக்கே சீர்திருத்தப் பள்ளிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

மாஜிஸ்திரேட் நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உம்முடைய சேவலைத் திருடினவனை நீரே தங்கமான பையன் என்று சொன்னீராமே, உண்மையா?" மாரப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தார், பையனை ஒரு பார்வை பார்த்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பொண்ணு காரியத்துக்குன்னு நெனச்சுத்தானுங்க சொன்னேன். ஆனாப் பொய் சொல்லலீங்க. எடுத்தவனும் அவந்தானுங்க, தங்கமான பையனும் அவந்தானுங்க."

குடையின் கோளாறு

ராசு வீட்டுக்குப் போனான். ஒரு வருஷம் நான் மாதாமாதம் பார்த்துவர வேண்டும் என்று உத்தரவு. கோர்ட் ஏறின சேவலைக் களத்தில் எவனும் ஏற்றுக்கொள்ளமாட்டான் என்று சொல்லி, மாரப்பன் அதை நல்லம்மாள் வீட்டிலேயே விட்டுவிட்டார். பையன் திருந்தினானா என்றால், தப்புச் செய்ய அவனுக்கு வசதியே இல்லாமல் போய்விட்டது. அவனைத் தங்கமென்று சொன்னவர்கள் ஊர் பூராவும் இருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களில் ஒருவர் கண்ணில் பட்டார், சொன்ன சொல் பொய்யாகிவிடக்கூடாதே என்று அவர்களும் கவனமாக இருந்தார்கள்.

கோளாறு என்னால்தான் வந்தது. வழக்கு முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்தபின்பும் குடையோடு மாதாமாதம் நான் போனேன். அடுத்த ஊர்க்காரர்கள், 'மாப்பிள்ளை வீட்டார் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள், நிச்சயம் மட்டும் ஆகவில்லை, பெண்ணிடம் ஏதோ குறை' என்று பேச ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொன்னால் தம்பி திருடன், சொல்லாவிட்டால் அக்காவுக்குக் குறை. தெய்வானையைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. நல்லம்மாளிடம், வராமல் இருக்க மேலதிகாரியைக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "நீங்க வந்தாத்தான் அவனுக்கும் ஒரு பயம் இருக்குதுங்க, சாமி. வாங்க, ஆனா அந்தக் குடைய மட்டும் ஊட்டுல வெச்சுப்போட்டு வாங்க."

எதிர் விசாரணை

வருஷம் முடிகிற சமயம், திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் சேலத்தில் என் அறையைத் தேடி வந்தார். தம் மகனுக்குத் தெய்வானையைக் கேட்பதாக உத்தேசம் என்றார். "நீங்க ஒரு வருசமாப் போயிப் பாத்துப்போட்டுக் கைவிட்டீங்களாமா. ஏனுங்க? பொண்ணு தம்பி எப்படீங்க?"

வேடிக்கையைப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் இந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். இப்போது என்னைக் கேட்கிறார்கள். வழக்கைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, பொய் சொல்ல மனசும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்வு என் நாக்கு நுனியில் நின்றது. மாரப்பன் கோர்ட்டில் நின்றது ஞாபகம் வந்தது. "தங்கமான பையன்" என்றேன். சொன்னபிறகுதான், அது விதிக்குட்பட்ட பதில் என்பது மட்டுமல்ல, நான் நிஜமாகவே நம்புகிற பதில் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சேவல் கதை எனக்கு எப்பவோ தெரியுமுங்க. ஒரு சேவலைக் கோச்சையாக உட மனசில்லாதவன், அக்கா பெக்கற புள்ளையக் கைவிட்டுப்போடுவானுங்களா? தாய்மாமன் இப்படி வேணுமுன்னுதான் வந்தேன், நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

தெய்வானை கல்யாணத்துக்குக் குடையில்லாமல் போய், ராசு தன் கையால் பரிமாறிய சோற்றைத் தின்றுவிட்டு வந்த எனக்குப் பையன்கள் ஏன் கெட்டுப்போகிறார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. கெடாமலிருக்க ஒரு வழி மட்டும் தெரியும், ஒவ்வொரு பையனுக்கும் கல்யாண வயசில் ஒரு அக்கா இருக்க வேண்டும்.