பரிசளிப்பு விழாவுக்கு வந்த மாமன் சீர்

உங்கள் அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் முதலாவதாக வந்த செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் கத்தரியும் கையுமாக இருந்தேன். கட்டிங் மேசை மேல் பனியன் துணி அடுக்கு போட்டு விரித்திருந்தது. தையல் பக்கத்திலிருந்து ஒருத்தர் ஓடிவந்தார்.

"மாஸ்டரே, கத்தரியக் கீழ வைங்க! உங்க புள்ள மொதலா வந்துட்டாளாமுங்க!"

"நம்ம பள்ளிக்கூடத்துலயா?"

"நம்ம பள்ளிக்கூடத்த உடுங்க. திருப்பூர்ல இருக்கற நகராட்சிப் பள்ளிக்கூடம் அத்தனைக்கும் சேர்த்தி!"

கத்தரியை நான் கீழே வைக்கவில்லை. அடுக்கைப் பாதியில் விட்டால் அடித்துணி நகர்ந்துவிடும். அந்த வெட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்தால் மேசையைச் சுற்றி ஆள். மடிக்கிறவர்கள், தைக்கிறவர்கள், மூட்டை கட்டுகிறவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "டீ சொல்லுங்க" என்றேன். அதற்கே கை தட்டினார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது பொடிசுகள். அந்த வருஷத்து விழாவில் பந்தல் காலைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டீர்கள். அதனால் நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

நம் பள்ளிக்கூடம் ஊர் எல்லையில், ராயபுரத்தைத் தாண்டி, சோளக்காடு ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. படித்த பிள்ளைகளில் முக்கால்வாசி பனியன் கம்பெனிக்காரர்கள் பிள்ளைகள். அதுவரை பரிசளிப்பு என்றால் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் தன் வகுப்பறைக்குள் ஒரு டம்ளரோ பேனாவோ கொடுத்து முடித்துக்கொள்ளும். அந்த வருஷம்தான் எல்லா நகராட்சிப் பள்ளிகளுக்கும் ஒரே மேடை போட்டார்கள். முதல் பிள்ளை நம் பள்ளியாயிற்றே, அதனால் நம் மைதானத்திலேயே பந்தல்.

தலைமையாசிரியை அம்மா திருநெல்வேலிப் பக்கம். விழாவைச் சனிக்கிழமை சாயங்காலம் வைக்கப் பார்த்தார்.

"அம்மா, சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாளுங்க. கம்பெனி வாசல்ல நிக்கற நேரம் அது. பந்தல்ல உங்களையும் நாற்காலியையும் தவர ஒருத்தரும் இருக்க மாட்டாங்க" என்று நானே போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். "சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க. பிள்ளைங்க படிச்சதை ஊரே பார்க்கட்டும்" என்றும் சொன்னார்.

சொந்தம் என்றால் முதலில் தாய்மாமன். உங்கள் அம்மா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க அண்ணனுக்கு வெத்தல பாக்கு வெச்சுச் சொல்லாம புள்ளைய மேடையேத்தறதுங்களா? நாளைக்கு அவரு மொகத்துல எப்படி முழிக்கறது?"

சரிதான் என்று வெற்றிலை பாக்கு பழத்தோடு உடுமலை பஸ் ஏறிக் கணியூர் போனேன். மச்சான் வயலில் இருந்து காலைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் முகம் பூரித்துப்போயிற்று.

"மாமன் வெறுங்கையோட வருவனுங்களா மாப்ளே? செய்ய வேண்டியதச் செஞ்சுபோடறேன்" என்றார்.

ஏதோ ஒரு பாவாடைத் துணியும் பழமும் கொண்டுவருவார் என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பி வந்தேன். ஆனால் எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. மச்சானுக்கு ஒரு மகன். நல்ல பையன், கரும்பும் நெல்லும் பார்க்கிறவன். அவனுக்கு உங்கள் அக்காவைக் கேட்க வேண்டும் என்பது மச்சானுக்கு அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எண்ணம். அவளுக்கோ கோயமுத்தூர்க் கல்லூரியில் புகுமுக வகுப்பு, அதாவது பி.யூ.சி. சேர வேண்டும், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், கணக்கு வாத்தியாரம்மா ஆக வேண்டும். எனக்கும் அதுதான் விருப்பம். இதை நான் மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. விழா முடியட்டும், வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டு, நிதானமாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இப்படி ஒரு கூட்டத்தை அந்த மைதானம் பார்த்திருக்காது. எல்லோரும் வெள்ளை வேட்டி சட்டையில். கம்பெனியில் இடுப்பில் துண்டோடு பார்த்துப் பழகிய ஆட்களை அடையாளமே தெரியவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, பந்தலுக்குள் ஒரு மூலையில் இருந்து சத்தம் எழும்பும். சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருத்தர், மகன் அறிவியலில் பரிசு வாங்கும்போது நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். கை இரண்டும் முழங்கை வரை நீலம். "என்ற பையனுங்க, என்ற பையனுங்க" என்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னார்.

உங்கள் அக்காவைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். கல்வி அதிகாரி எழுந்து நின்று கொடுத்தார், ஒரு பெரிய அகராதியும் வெள்ளிக் கிண்ணமும். அவள் வாங்கிக்கொண்டு மேடையிலேயே ஓரமாக உட்கார்ந்தாள். நன்றியுரை அவள்தான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் கேட் பக்கம் மேளச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். முன்னால் நாதசுரமும் தவிலும். பின்னால் மச்சான், பட்டு வேட்டியில். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம். அதற்குப் பின்னால் கணியூர் உறவு ஜனம் வரிசையாக, தலைக்கு ஒரு தட்டு. தேங்காய், பழம், வெல்லம், மஞ்சள், ஒரு தட்டில் அரக்குப் பட்டுச் சேலை. மச்சான் சம்சாரத்தின் கையில் வாழையிலை மேல் சுருட்டி வைத்த மல்லிகைச் சரம்.

பக்கத்து நாற்காலி கேலி பேசியது. "ஏனுங்க மாஸ்டரே, பரிசு வாங்கக் கூப்டீங்களா, பூ வெக்கக் கூப்டீங்களா? சொல்லியிருந்தா மொய்யோட வந்திருப்பமுல்ல!"

அவர் கேலிக்குச் சொன்னதை என்னால் கேலியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். முறைப்பையனின் தாய் நாலு பேர் பார்க்கப் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் நம் சனத்தில் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பெண் வீட்டுக்காரன் வேண்டாம் என்றால் அது உறவை அறுக்கிற காரியம். பூவைத் தடுத்தாலோ, தங்கச்சி வீட்டில் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள் என்ற சொல்லோடு மச்சான் கணியூருக்குள் நடக்க வேண்டும். உங்கள் அம்மா பிறந்த வீடு அத்தோடு போச்சு.

உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் பூவோட வந்துட்டாருங்க. நான் சீருன்னு நெனச்சேன், பூவோட வருவாருன்னு நெனைக்கலீங்க."

இதற்குள் தலைமையாசிரியை அம்மா எழுந்துவிட்டார். அவருக்கு நம் பக்கத்து வழக்கம் தெரியாது. பிள்ளைக்குச் சொந்தக்காரர்கள் மரியாதை செய்ய வருகிறார்கள் என்று சந்தோஷம். மைக்கிலேயே, "வாங்க ஐயா, வாங்கம்மா, மேடைக்கே வாங்க!" என்று கூப்பிட்டுவிட்டார். மேளக்காரர்களுக்கு அது போதும். இன்னும் ஓங்கி வாசித்தார்கள்.

நான் எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஓரம் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் அக்கா குனிந்து என்னைப் பார்த்தாள்.

"என்ன சாமி பண்றது? அத்தை பூவோட வர்றாங்க."

"பாத்தனுங்கப்பா. நீங்க போயி உக்காருங்க."

"எப்படி உக்கார்றது?"

"நன்றியுரை இன்னும் சொல்லலீங்கப்பா" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. தேர்வுக்குக் கிளம்பும்போது எப்படி முகத்தை வைத்திருந்தாளோ அதே முகம்.

தட்டெல்லாம் மேடைப் படி ஏறிக்கொண்டிருந்தது. அவள் நேராக மைக் முன்னால் போனாள். மேளக்காரர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். மேளம் நின்றது. கல்வி அதிகாரிக்கு, ஆசிரியர்களுக்கு, பந்தல் போட்டவர்களுக்கு எல்லாம் முறைப்படி நன்றி சொன்னாள். பிறகு மச்சான் பக்கம் திரும்பினாள்.

"கணியூரிலிருந்து என் தாய்மாமாவும் அத்தையும் சீர் கொண்டு வந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குச் சீர் வரும், காதுகுத்துக்குச் சீர் வரும். ஒரு பெண் கல்லூரிக்குப் படிக்கப் போவதற்கு மாமன் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து இந்த ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் கோயமுத்தூரில் பி.யூ.சி. சேரப் போகிறேன். அதற்கு முதல் சீர் என் மாமா வீட்டுச் சீர். மாமாவுக்கும் அத்தைக்கும் என் நன்றி."

நம் விசேஷங்களில் தட்டைக் கொடுக்கும் முன்னால் யார் வீட்டுச் சீர், எதற்கான சீர் என்று உரக்கச் சொல்வார்கள். அப்படிச் சொன்னதுதான் கணக்கு, கூட வைக்கிற பூவுக்கும். மச்சான் அதை மேடையில் சொல்ல நினைத்திருந்தார். இவள் முந்திக்கொண்டாள், அதுவும் ஒலிபெருக்கியில், சோளக்காடு வரைக்கும் கேட்கிற மாதிரி.

பந்தல் அதிர்ந்தது. கல்வி அதிகாரி வேகமாக வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கு ஒரு மாமன் உங்களை மாதிரி இருந்தால் போதுமய்யா" என்றார். மச்சான் சம்சாரம் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, வைப்பதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

உங்கள் அக்கா அத்தை முன்னால் போய்த் தலையைக் குனிந்தாள். "வெச்சு உடுங்க அத்தை. மொத நாள் காலேஜுக்குப் போறப்பவும் உங்க கையாலதான் வெக்கோணும்."

பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று மச்சான் திரும்பியிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க முடியாது. அந்தப் பிள்ளையின் குனிந்த தலையைப் பார்த்தார்.

"வையி" என்றார் சம்சாரத்திடம்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை.

"மாப்ளே, இது நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

"இல்லீங்க மச்சான். மைக்கு முன்னால எனக்கு நாக்கே பொரளாது."

"அப்பறம் அந்தப் புள்ளைக்கு இத்தன மூளை எங்கிருந்து வந்துச்சு?"

சோறு பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் அம்மா தலையைத் தூக்காமல், "எங்கண்ணன் பக்கமிருந்துதான் வந்திருக்கோணும்" என்றாள். மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ற பையனுக்கு என்னுங்க கொறை?"

நான் மறைக்கவில்லை. "ஒரு கொறையுமில்லீங்க மச்சான். இந்தப் புள்ளைக்குத்தான் படிப்பு இன்னும் பாக்கியிருக்குது. நானே உங்ககிட்டச் சொல்றதா இருந்தேன். எனக்கு முந்தி அவ சொல்லிப்போட்டா."

உங்கள் அக்கா கதவோரம் வந்து நின்றாள். "மாமா, நான் பொய் சொல்லலீங்க. நீங்க சீர் கொண்டாந்தது நெசம். நான் படிக்கப் போறது நெசம். உங்களுக்குச் சம்மதமில்லீனா சொல்லுங்க, தட்டையெல்லாம் நானே சொமந்துட்டு வந்து உங்கூருல எறக்கி வெச்சர்றேன்."

"வாயப் பாரு" என்றார் மச்சான். சோற்றைப் பிசைந்தார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டார், "அந்த ஹாஸ்டல்ல புள்ளைகளுக்குத் தயிர் ஊத்துவாங்களா?"

"தெரியிலீங்க மாமா."

"தெரியாம எப்படிக் கொண்டுபோயி உடறது? சேக்கற அன்னிக்கு நானும் வர்றேன். சீர் கொண்டாந்தவன் நானு. ஊரே பாத்துச்சு. எடத்தப் பாக்காம உட்டா நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க."

சொன்னபடியே, கல்லூரியில் சேர்க்கிற அன்றைக்கு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கூட அவர் சம்சாரம், கையில் பூ. ஒரு டப்பா நெய், ஒரு மூட்டை வெல்லம். கோயமுத்தூர் பஸ்ஸில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. நான் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியில் நிற்கிறேன். மச்சான் உள்ளே புகுந்து, உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. டவுனுக்கே மொதலா வந்த புள்ள. காலேஜ் படிக்கப் போறா. எங்க ஊட்டுப் புள்ளைங்க!"

இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.