டாக்கரில் கேட்டு வாங்கிய தட்டு

1959-இல் தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. மர்சேயில் நான் ஏறிய கப்பல் காலை ஏழு மணிக்கு டாக்கர் துறைமுகத்தைப் பிடித்தது. புதுச்சேரிக்காரன் ஒருவன் இவ்வளவு தூரம் வந்தால் பிரெஞ்சு உத்தியோகம்தான் காரணமாக இருக்கும். எனக்கு உத்தியோகம் ஊரில், பள்ளிக்கூடத்தில். நான் வந்தது என் அண்ணன் தேவராசைக் கையோடு கூட்டிப் போக.

அண்ணன் இங்கே துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கிவிட்டார். ஃபாத்து என்ற இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். என் மனைவி இறந்துபோன பிறகு ரெட்டியார்பாளையத்து வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. வானொலிப் பெட்டிக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். அதற்குமேல் தாங்காது என்றுதான் கப்பல் ஏறினேன்.

துறைமுகத்துக்கு அண்ணனே வந்திருந்தார். "வந்துட்டியாடா? எளச்சிப் போயிட்டியே" என்றார். டாக்ஸிக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் கேட்டார்: "முசியே, உங்க ஊர்ல எல்லாரும் யானை மேலதான் போவாங்களாமே?"

"பஸ்லதான் போறோம். அது வர்ற நேரத்துக்கு யானையே தேவலை" என்றேன். அண்ணன் குலுங்கிச் சிரித்தார். மெதினா பகுதியில், மணல் தெருவில் இருந்தது வீடு.

மதியம் பாயில் வட்டமாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். அண்ணன், ஃபாத்து, அவள் அம்மா, தங்கை, தங்கையின் பெண்கள் இருவர். நடுவில் அகலமான பீங்கான் சட்டி. தக்காளியில் வெந்த சிவப்புச் சோறு, அதன் மேல் மீனும் மரவள்ளியும் முட்டைக்கோசும். ஆறு பேரும் அந்த ஒரே சட்டியில் கை வைக்கப் போகிறார்கள் என்று புரிந்ததும் எனக்கு உடம்பு கூசியது. எச்சில் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த கை. "எனக்கு ஒரு தட்டு கிடைக்குமா?" என்று பணிவாகவே கேட்டேன். ஃபாத்து எழுந்து போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வாங்கி வந்தாள். மேஜை மேல் வைத்தாள். நான் அங்கே ஒண்டியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். விருந்தாளிக்கு மரியாதை என்றே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கோரே தீவு. படகில் இருபது நிமிடம். காவி பூசிய சுவர், மர ஜன்னல், காகிதப்பூக் கொடி. நம் ஊர் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போலவே இருந்தது. திரும்பினால் தெரிந்தவர் எவராவது வணக்கம் சொல்லுவார் போலத் தோன்றி ஏமாந்தேன். அடிமைகளைக் கப்பலேற்றியதாகச் சொல்லும் ஒரு வீட்டில் கடலைப் பார்த்து ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. அதில் நிற்கவே முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாமெல் குன்றுகளுக்குப் போனோம். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். இரட்டைக் குன்றுகளில் ஒன்றின் மேல் வெள்ளைக் கலங்கரை விளக்கம். அதற்கு மேற்கே கடலைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கேதான் கேட்டேன்.

"அண்ணா, வா, ஊருக்குப் போயிடலாம். ஃபாத்துவையும் கூட்டிக்க. வீட்ல பாதி உன்னுதுதானே? என்னால ஒண்டியா இருக்க முடியலண்ணா."

அண்ணன் காற்றுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கப்பலுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குதே, பாப்போம்டா" என்றவர், சற்றுப் பொறுத்து, "அன்னிக்குத் தட்டு கேட்ட பாரு... 'உன் தம்பிக்கு எங்க மேல என்ன கோவம்?'னு ஃபாத்து கேட்டா. இங்க தட்டத் தனியா கேட்டா, உங்க கூட எனக்கு ஒட்டு இல்லன்னு அர்த்தம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

புறப்படும் நாள் மதியம், மேஜைக்குப் போகாமல் பாயில் உட்கார்ந்தேன். எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவரவருக்கு எதிரில் உள்ள பக்கம் அவரவருடையது. அடுத்தவர் பக்கத்துக்குக் கை போகாது. நான் பயந்த எச்சில் அங்கே இல்லவே இல்லை. மீன் மட்டும் நடுவில். ஃபாத்து அதைப் பிட்டு, முள் நீக்கி, முதலில் என் பக்கம் தள்ளினாள். பிறகு அண்ணன் பக்கம். அண்ணன் தன் பங்கு மரவள்ளியைப் பார்க்காமலே மாமியார் பக்கம் ஒதுக்கினார். தினமும் செய்கிற கை அது. இவர் எழுந்துபோனால் அந்தச் சட்டியில் ஒரு பக்கம் காலியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்துபோனது. அதன் பிறகு ஊருக்கு வரச் சொல்லி நான் கேட்கவில்லை.

துறைமுகத்தில் அண்ணன்தான், "கோவமாடா?" என்றார்.

"இல்லண்ணா. நல்லா சாப்டேன்" என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு ஏணி ஏறினேன்.

ரெட்டியார்பாளையத்துக்கு வந்து சேர்ந்த அன்று கதவைத் திறந்தபோது அடைத்துக் கிடந்த வீட்டின் வாசனை அடித்தது. சோறு வடித்து, மீன் குழம்பு வைத்து, தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பசி அடங்கியதும்தான் தட்டைக் கவனித்தேன். என் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டிருந்தேன். எதிர்ப்பக்கம் கை படாமல் அப்படியே இருந்தது.