கூலரில் திரும்பி வந்தது

பேய், ஆவி என்று பார்ட்டியில் யாராவது ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன், ஆனால் பொய் சொல்கிறான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெயர் எனக்கு ஏற்கெனவே ஒருமுறை கிடைத்துவிட்டது.

தொண்ணூற்றொன்பது கோடை, நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் இருந்தோம். என் டீமில் செல்வம் என்று ஒரு நாகர்கோவில்காரன், டைவிங் பைத்தியம், என்னையும் கிளாஸில் சேர்த்துத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டான். கடலில் மூழ்கிக் கிடக்கிற பழைய கப்பல்களின் பொந்துகளில் லாப்ஸ்டர் இருக்கும், கையாலேயே பிடிக்கலாம். ஆனால் சட்டம் கறார். முதுகு ஓட்டின் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும், சின்னதாக இருந்தால் விட்டுவிட வேண்டும், வயிற்றில் முட்டை இருந்தால் எத்தனை பெரிதாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. முட்டையை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுக் கொண்டுபோகிற கில்லாடிகளும் உண்டு, அது இன்னும் பெரிய குற்றம். எனக்கோ ரூல்ஸ் என்றால் உயிர். ஈ காக்கா இல்லாத ரோட்டில்கூட ஸ்டாப் சைன் முன்னால் முழுசாக நின்றுவிட்டுத்தான் போவேன், என் மனைவி மாலதி அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு நாலு குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தாள். "இவரு கையாலயே லாப்ஸ்டர் பிடிச்சுட்டு வருவாரு, வந்து பாருங்க" என்று போனில் ஒரே பெருமை.

காலையில் போட்டில் போனோம், நானும் செல்வமும்தான் அதில் இந்தியர்கள். கீழே இறங்கி முதல் பொந்தில் டார்ச் அடித்தால் பெரிதாக ஒன்று, இடது கொடுக்கு இல்லை. இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். வாலுக்கடியில் கேழ்வரகை அப்பி வைத்த மாதிரி முட்டை. அப்படியே பொந்தில் விட்டேன், அது பின்பக்கமாக உள்ளே போனதைப் பக்கத்தில் நின்று செல்வமும் பார்த்தான். அப்புறம் வேறு இடத்தில் இரண்டு பிடித்துப் பையில் போட்டேன், இரண்டும் அளவு சரி, முட்டை இல்லை.

மேலே வந்து பையைத் திறந்தால் மூன்று. இடது கொடுக்கு இல்லாதது மேலாக உட்கார்ந்திருந்தது, முட்டையோடு.

கேப்டன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "யூ நோ த ரூல்ஸ்" என்று மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான். நான் எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், என் பைக்குள் இருப்பதை எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் பார்க்க இரண்டு கையாலும் தூக்கிக் கடலில் விட்டேன். காது இரண்டும் எரிந்தது.

திரும்பி வரும்போது காரில் செல்வம், "அண்ணே, நீங்க விட்டத நான் பாத்தேன்லா" என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

வீட்டுக்கு வந்ததும் லாப்ஸ்டரை ஐஸில் வைத்திருந்த கூலர் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காரிலிருந்து நேராகக் கிச்சனில் கொண்டு வைத்தோம். செல்வம் குளிக்கப் போனான். நான் மூடியைத் திறந்தேன்.

மூன்று இருந்தது. இடது கொடுக்கு இல்லாததைத் திருப்பினேன். வயிறு சுத்தமாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு முட்டை இல்லை.

அப்போதே காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்க வேண்டும். யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிட்டன, மாலதி தண்ணீர் கொதித்துவிட்டது என்றாள், நான் மூன்றையும் உள்ளே போட்டேன். ரூல்ஸ் பேசுகிற நான்தான் போட்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பெண் நித்யா, அப்போது செகண்ட் கிரேட், தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும், அத்தனை பேர் நடுவில் கேட்டாள். "அப்பா, டிட் ஆல் த எக்ஸ் கம் ஆஃப்?"

எந்த முட்டை என்று மாலதி கேட்டாள். கராஜில் அப்பா பிரஷ் வைத்து அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாரே, அந்த முட்டை என்றாள் குழந்தை, சர்வ சாதாரணமாக.

நான் கராஜ் பக்கமே போகவில்லை. அதைத்தான் சொன்னேன், குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது. யாரோ சிரித்துப் பேச்சை மாற்றினார்கள். செல்வம் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டான். போகும்போது வாசலில், "சின்னப்பிள்ள பொய் சொல்லாதுண்ணே" என்றான். காலையில் கேப்டன் பார்த்த அதே பார்வை. தான் குளிக்கப் போன நேரம் எனக்குப் போதுமே என்று அவன் கணக்குப் போட்டிருப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் என்னை டைவிங்குக்குக் கூப்பிடவே இல்லை.

நித்யாவுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. போன தாங்க்ஸ்கிவிங்குக்கு வந்திருந்தபோது, துணிந்து அந்தப் பேச்சை எடுத்தேன். சின்ன வயதுக் கற்பனை என்று சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் கூப்பிட்டதால்தான் கராஜுக்கு வந்தாளாம். அது துள்ளாமல் இருக்க அவள்தான் பிடித்துக்கொண்டாளாம், நான் தேய்த்தேனாம். யாரிடமும் சொல்லாதே என்று நான் சொன்னதை மறந்து சாப்பாட்டு மேஜையில் உளறியது அவளுக்குப் பல வருஷம் குற்ற உணர்ச்சியாக இருந்ததாம். கட்டைவிரலை நீட்டினாள், அடியில் வெள்ளையாக ஒரு தழும்பு, அது அன்றைக்குக் கடித்தது என்றாள். அந்தத் தழும்பை அதுவரை நான் பார்த்ததே இல்லை, பெற்ற அப்பன்.

நான் போகவில்லையம்மா, சத்தியமாகப் போகவில்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு மேல் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே என்மேல் பிரியமாக இருந்திருக்கிறாள்.

"இட்ஸ் ஓகே, அப்பா" என்றாள்.