கொட்டிலைப் பிடித்த ரீச்சர்

இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம் வந்த அந்த ரீச்சர், பிள்ளைகள் தொட்டுப் பார்க்க நாலு சாமான் வைக்கவென்று என் நெல்லுக் கொட்டிலில் ஒரு மூலை கேட்டார். தராசு, பூதக்கண்ணாடி, ஓடாத மணிக்கூடு என்று தொடங்கியது. அடுத்த போகத்துக்குள் கொட்டில் முழுவதும் அவருடையது. நெல்மூட்டைகள் என் படுக்கையறையில்.

ஒல்லியான மனிசி. கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். எந்தச் சாமானைக் கண்டாலும் திருப்புளியை உருவி, கழட்டிப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் நீட்டுவார்.

பற்றறி கிடைக்காத காலம். சைக்கிளை மிதித்து டைனமோவில்தான் றேடியோ கேட்போம். என் றேடியோவையும் பிள்ளைகளுக்குக் காட்ட வாங்கிப் போயிருந்தார். அன்று பூநகரியில் செல்குண்டு விழுவதாகக் கதை. என் தங்கச்சி அங்கே. பின்னேரச் செய்தி கேட்க ஓடினேன். றேடியோ பாயில் துண்டு துண்டாகக் கிடந்தது.

“என்ன ரீச்சர் இது? காட்டத்தானே தந்தனான்!”

“உள்ளுக்குக் காட்டாமல் என்னத்தைக் காட்டுறது அண்ணை? பிள்ளையள் பூட்டித் தருவினம், இருங்கோ.”

துண்டுகளைப் பொருத்திப் பூட்டினார்கள். றேடியோ பேசியது. ஆனால் செய்தி முடிந்து பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தியதில் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ரீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

“அடுத்த செய்தி வருமட்டும் நான் மிதிக்கிறன். நீங்கள் கேளுங்கோ.”

வியர்வை ஒழுக மிதித்தார். செய்தியில் பூநகரி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை தங்கச்சி தையல் மெசினோடு உயிர்தப்பி வந்து சேர்ந்தாள். அவள் அழுது முடிக்கவில்லை, ரீச்சர் வாசலில் நின்றார்.

“தங்கச்சி, அந்த மெசினை ஒருக்கால் கழட்டிப் பாத்திட்டுத் தரட்டோ?”

என்ன பிறவியோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.