காரைக் காட்டப் போன நாட்கள்

உட்துறைமுக வீதியில் கார் நின்றபோது பின்சீட்டில் பக்கத்து வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். அவருக்குக் கண் கிளினிக். மாதம் ஒரு தடவை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். சூடு காட்டும் ஊசி ஏறியதை நான் பார்க்கவில்லை. முதலில் பாணி காய்ச்சுவதுபோல ஓர் இனிப்பு வாசம் வந்தது. பிறகு முன் பொனற் மூடியின் இடுக்கால் வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி இறங்கினேன்.

"பிள்ளை, எங்களுக்கு எட்டரைக்கு நம்பர்," என்றார் அந்த அம்மா. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். நானே கை காட்டி ஓர் ஓட்டோவை மறித்து இருவரையும் ஏற்றிவிட்டேன்.

"நீங்கள் தனிய நிப்பியளோ?"

"ஓம், பரவாயில்லை. நீங்கள் போங்கோ."

அவர்கள் போன பிறகு கடலோரச் சுவர்க்கட்டின் மேல் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடலாம் என்று போனில் பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டு போனேன். பாதிப் பேர் வெளிநாட்டில். அங்கே அப்போது விடியவில்லை. சிலர் செத்துப்போய்விட்டார்கள், நம்பரை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கூட வேலை செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால், ஓய்வு பெற்று நான்கு வருடமாகக் கதைக்காமல் இருந்துவிட்டு, நடுவீதியில் நிற்கிறேன் வாருங்கள் என்று எப்படிக் கேட்பது? கடைசியில் கராஜ்காரரின் பெயரில் வந்து நின்றேன். காலையில் அந்த வீதியால் நடக்கப் போகிற ஒருவர் பக்கத்தில் வந்து, எட்டிப் பார்த்து, "தண்ணி ஊத்தினனீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதிர்ப்பக்கம் வெள்ளைக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. கராஜில் இருந்து ஆள் வர ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது.

அந்தக் காரை நான் வாங்கியது கந்தளாய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதற்காக. அங்கே மருந்தாளராக இருந்தேன். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பி வருவேன். வாங்கும்போதே அது ஜப்பானில் ஓடித் தேய்ந்த கார். அதன்பிறகு என்னோடு ஓடிய தூரத்தையும் சேர்த்தால் மீட்டர் மூன்று லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதற்குப் பெரிய வேலை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெரு ஒழுங்கையில் இருக்கும் மூன்று பெண்களைக் கோயிலுக்கு ஏற்றிப்போவேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிளினிக். மாதத்தில் ஒரு ஞாயிறு வெருகலில் இருக்கும் அண்ணாவிடம் போவேன். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கராஜ்காரர் வரச்சொன்னார். கிண்ணியாக்காரர். என்னைவிட இளையவர். பத்து வருடமாக என் கார் அவரிடம்தான் போகிறது. காரைக் குழிக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார்.

"மிஸ், கோவிச்சுக்கொள்ளாதீங்க, ஒண்டு காட்டோணும். கீழ இறங்கிப் பாருங்க."

குழிக்குள் இறங்கினேன். அவர் ரோச் வெளிச்சத்தை மேலே அடித்தார். காரின் அடிவயிற்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கும் துருவேறிய கறள். உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கத்தாலும் உப்புக் காற்று வரும். ஜன்னல் கம்பிகளே நான்கு வருடம் தாங்காது. அவர் ஸ்குரூ ட்ரைவரால் ஓரிடத்தில் மெல்லக் குத்தினார். அது பிஸ்கட்டில் இறங்குவதுபோல உள்ளே போனது.

"என்ஜினைக் கழட்டிச் செய்யலாம், மிஸ். அது பிரச்சினை இல்ல. ஆனா என்ஜினைச் செஞ்சு இந்த அடிக்கு மேல வைக்கிறதில என்ன பிரயோசனம்? இண்டைக்கு இல்லாட்டி அடுத்த வருசம் வீதியில உக்காந்துடும்."

பிறகு அவர் ரோச்சை இன்னோர் இடத்துக்கு நகர்த்தினார். அங்கே கறளின் மேல் கறுப்பாகத் தார் பூசப்பட்டிருந்தது. சில இடங்களில் பழைய பூச்சு காய்ந்து வெடித்திருக்க, அதன் மேல் புதிதாகவும் பூசியிருந்தது. ஓட்டை விழுந்த ஓரிடத்தில் தகரத் துண்டு வைத்து, அதைச் சுற்றியும் பூசியிருந்தது.

"இது எங்கட வேலை இல்ல," என்றார். "யாரோ கிட்டடியிலயும் பூசியிருக்காங்க. வேற கராஜுக்குக் குடுத்தீங்களா?"

"இல்லையே."

"பொறுமையான கை, மிஸ். தூரிகையால பூசியிருக்காங்க. இல்லாட்டி இது ரெண்டு வருசத்துக்கு முதலே போயிருக்கும்." பிறகு சொன்னார்: "கந்தளாயில ஒரு ஆள் சாமானுக்காக உடைக்க எடுப்பார். அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தக் கிழமை முழுதும் நிறைய யோசித்தேன். திருத்தவா, விடவா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் குசினிக்குள் அடுப்படியில் நின்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வழக்கம்போலக் குளித்து, சேலை மாற்றி, முன் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கார் இல்லை என்பது மறந்துபோகவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவராவது வந்து, "வாங்கோ, ஓட்டோவில போவம்," என்று கூப்பிடுவார் என்று நினைத்தேன். ஐந்தரைக்கு ஒழுங்கையால் ஓர் ஓட்டோ போனது. உள்ளே மூன்று பேரும் நெருக்கி இருந்தார்கள். நான்காவது ஆளுக்கு அதில் இடமில்லை. அது எனக்கும் தெரியும். என்னைக் கண்டு ஒருவர் கையசைத்தார், நானும் அசைத்தேன். சேலையோடேயே எட்டு மணிவரை இருந்தேன்.

அந்தத் தாரைப் பற்றியும் யோசித்தேன். கராஜ்காரரைத் தவிர அந்தக் காரில் கை வைக்கிற ஆள் ஒருவர்தான்.

அண்ணா என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணம் முடித்து மனைவியின் ஊரான வெருகலுக்குப் போனவர், அங்கேயே ட்ரக்டர் திருத்துகிற வேலையும் கொஞ்ச வயலுமாக இருந்துவிட்டார். அண்ணிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. எங்கள் அம்மாவின் கடைசி நாட்களில் அண்ணி சொன்ன வார்த்தை ஒன்று, நான் திருப்பிச் சொன்ன வார்த்தை ஒன்று. அதோடு பல வருடம் போக்குவரவு இல்லை. அண்ணி இறந்தபோது போனேன். எட்டாம் நாள் சடங்கு முடிந்து புறப்படும்போது, அண்ணா அந்தப் பெரிய முற்றத்தில் தனியே நிற்பதைக் கண்டு எதையாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அவருடைய ஒரே மகன் கட்டாருக்குத் திரும்புவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வாயில் வந்தது, "அண்ணை, காரில ஒரு சத்தம் கேக்குது, அடுத்த மாசம் கொண்டுவாறன், பாப்பியளோ?" என்பதுதான். "கொண்டுவா," என்றார். காரில் அப்படி ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த மாதம் போனேன். அவர் பொனற்றைத் திறந்து நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இப்ப கேக்கேல்லை," என்றார். அதிலிருந்து ஐந்து வருடமாக மாதம் ஒரு ஞாயிறு. நான் போனதும் அவர் முதலில் காரைத்தான் பார்ப்பார். ஒயில் மாற்றினாயா, ரயருக்குக் காற்றுப் பார்த்தாயா என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். பிறகு நான் ஆற்றங்கரையால் நடந்து முருகன் கோயிலுக்குப் போய் ஒரு மணித்தியாலம் கழித்து வருவேன். சாப்பிடுவோம். வெயில் தாழ முன் புறப்பட்டுவிடுவேன். காரை விட்டால் எங்களுக்குள் வேறு கதை இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்தேன். கிண்ணியா, மூதூர் என்று நிறுத்தி நிறுத்திப் போனது. சந்தியில் இறங்கி நடந்து படலையைத் திறந்தபோது அண்ணா முற்றத்தில் ட்ரக்டர் சில்லு ஒன்றோடு குந்தியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எங்கை கார்? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை, அண்ணை. பழுதாப் போச்சு. கராஜில நிக்குது."

"உனக்கொண்டுமில்லையே?"

"இல்லை."

கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். கராஜ்காரர் சொன்னதையெல்லாம் சொன்னேன். என்ஜின் பகுதியைக் கவனமாகக் கேட்டார், இரண்டு கேள்விகள் கேட்டார். அடிப்பக்கம் கறள் என்றதும் கேள்வி நின்றுவிட்டது.

"ஆரோ தார் பூசியிருக்கினமாம்," என்றேன்.

அவர் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது நீங்களோ, அண்ணை?"

"ஓம். நான்தான்."

"எப்ப?"

"நீ கோயிலுக்குப் போற நேரத்தில. படங்குச் சாக்கைப் போட்டுப் படுத்துப் பூசினனான். ரெண்டு, ரெண்டரை வருசமா."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் வித்துப்போடுவாய்," என்றார். "வித்தால் பிறகு ஏன் இஞ்சை வரப்போறாய்? காரைக் காட்டத்தானே வாறனீ."

இல்லை அண்ணை, அப்படி ஒரு சத்தமே அந்தக் காரில் இருக்கவில்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லும் அளவுக்கு நாங்கள் பழகியிருக்கவில்லை. அறுபத்தேழு வயதில் இடுப்பு நாரி வலியோடு அவர் மண்ணில் மல்லாந்து படுத்திருந்த நேரமெல்லாம் நான் ஆற்றங்கரையில் குரங்கு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"திருத்தவோ, விடவோ?" என்று கேட்டேன். அவர் திருத்து என்று சொன்னால் அந்த நிமிடமே திருத்தக் கொடுத்திருப்பேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விடு," என்றார். "தாரில எவ்வளவு நாளைக்கு ஓடுறது? வாற வழியில உடைஞ்சால் நீ தனிய நிப்பாய். கூப்பிட்டாலும் எனக்கு வந்துசேர ஏலாது."

அடுத்த கிழமை காரைக் கொடுத்தேன். கந்தளாய்க்காரர் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். டாஷ்போர்ட்டில் இருந்த ஆஸ்பத்திரி பார்க்கிங் அட்டையையும், சீட்டுக்கடியில் கிடந்த குடையையும் எடுத்துக்கொண்டேன். கராஜ்காரர் எனக்காக ஓட்டோ பிடித்துத் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், கார் நின்ற இடத்தில் சீமெந்து மற்ற இடத்தைவிட வெளிறியிருந்தது. ஒரு மாதம் கழித்து அதில் பூச்சாடிகளைக் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது ஓட்டோவில் கிளினிக் போகிறார். மதிலுக்கு மேலால் கண்டால் சிரிப்போம். படலையைத் திறந்துகொண்டு வருவதற்கு அவர்களுக்கு ஒரு தேவை இல்லை. எனக்கும் அந்த வீட்டுக்குப் போக ஒரு தேவை இல்லை.

வெருகலுக்குத் தொடர்ந்து போனேன் என்று எழுத ஆசைதான். முதல் மாதம் போனேன். இரண்டாம் மாதம் மழை, வெருகல் ஆறு பெருகி வீதியை மூடியது. மூன்றாம் மாதம் ஒரு தடையும் இல்லை. சும்மாதான் போகாமல் இருந்துவிட்டேன். போனில் கூப்பிட்டு, "இந்த முறை ஏலாது," என்றேன். "சரி," என்றார். நான்காம் மாதம் போனேன்.

அன்று சாப்பிட்ட பிறகு இருவரும் விறாந்தையில் இருந்தோம். கதைக்க ஒன்றும் இல்லை. மகன் அனுப்பிய படத்தைக் காட்டினார். நான் கோதுமை மாவின் விலை சொன்னேன். மூன்று மணிக்குப் பஸ் என்பதால் இரண்டரைக்கே புறப்பட்டேன். அவரும் வெறும் மேலுக்கு ஒரு சேட் போட்டுக்கொண்டு சந்திவரை வந்தார். முன்பு படலையோடு நின்றுவிடுவார். அன்று பஸ் பிந்தியது. வெயிலுக்கு ஒரு வாகை மரத்தின் கீழ் நின்றோம். அரை மணித்தியாலம் போயிருக்கும்.

"தனிய இருக்க உனக்குப் பயமில்லையோ?" என்று கேட்டார். வீதியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"இல்லை அண்ணை, பழகீட்டுது."

"எனக்குப் பயம்தான்," என்றார். "பின்னேரமானால் இன்னும் கூட."

நான் திரும்பிப் பார்க்கவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. அவர் பையை வாங்கிப் படியில் வைத்தார். சனம் நெருக்கியது. நான் ஜன்னல் பக்கம் வருவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. மூதூர் தாண்டிய பிறகு அவரைப் போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கிண்ணியாவில் மறுபடி கூப்பிட்டேன். அதற்கும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நீ எடுத்தனியோ? நான் கிணத்தடியில நிண்டிட்டன்."

"ஓம். வந்து சேர்ந்திட்டன் எண்டு சொல்ல."

"சரி."

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

"அண்ணை," என்றேன், "பழகீட்டுது எண்டது பொய். எனக்கும் பயம்தான்."

"ஓம்," என்றார். பிறகு, "கதவைப் பூட்டினனியோ?" என்று கேட்டார்.

பூட்டவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே போய்ப் பூட்டினேன்.