ஊர்க் களத்தில் நின்ற ஜீப்

ஒரு பொம்பளை ஜீப்புக்கு அடியில் படுத்தால் ஊருக்கு என்ன வந்தது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் படுத்தது தன் வண்டிக்கு அடியில். கையில் இருந்தது தன் ஸ்பானர். ஆனாலும் அந்த வருஷம் வேலங்கண்டிகையில் அதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. பாதி ஆம்பளைகள் குவைத்துக்கும் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பேச வேறு விஷயம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

செல்லியம்மா எங்கள் காலனிக்காரி, என் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. அவள் மாமனார், மாமியார், அவர்களைப் பெற்றவர்கள் எல்லாருமே ஊர்க்காரர் கழனியில் கூலி வேலை செய்தே காலத்தை ஓட்டியவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. புருஷன் கங்கையா முதலில் தப்பித்தான். குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனவன், முதல் லீவில் வந்தபோது நிலம் வாங்கவில்லை, வீடு கட்டவில்லை. சித்தூரில் அரசாங்க ஏலத்துக்குப் போய் ஒரு பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். இரும்பை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் பார் என்று ஊரே சிரித்தது.

மழை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்கும் புத்தூர் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு. பஸ் அந்தக் கரையிலேயே திரும்பிவிடும். இந்த ஜீப்பில் மட்டும் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி உண்டு. அதை இழுத்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், வண்டி உறுமிக்கொண்டே சேற்றை விட்டு ஏறி வந்துவிடும். எங்கள் கத்தரிக்காய், மல்லிப்பூ, பால் கேன், பிரசவ வலி எடுத்தவள் என்று எல்லாமே அந்த ஜீப்பில்தான் ஓடையைத் தாண்டியது.

கங்கையாவின் தம்பி சிரஞ்சீவி அதை ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் விசா வந்தது, பறந்துவிட்டான். இனி ஜீப் வேப்பமரத்தடியில் கோழி அடைய ஆகும் என்று எல்லாரும் நினைத்திருக்க, அடுத்த திங்கட்கிழமை ஸ்டீயரிங்கில் செல்லியம்மா உட்கார்ந்திருந்தாள். ஓடை மணலில் விடியற்காலையில் கொழுந்தனிடம் வண்டி ஓட்டப் பழகியிருக்கிறாள். அது எனக்கு மட்டும் தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை. என் வாயைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ரெண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கியர் அழ ஆரம்பித்தது. மேடு ஏறும்போது நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். செகண்ட் கியர் போட்டால் தானே கழன்று விழும். முன் சீட்டில் உட்காரும் நான்தான் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவேன். எண்ணெய் குறைந்ததோ என்று அவள் பார்க்காமல் இல்லை. சிரஞ்சீவி காட்டிக்கொடுத்தபடி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் நட்டைக் கழற்றுவாள். ஓட்டையின் விளிம்புவரை எண்ணெய் இருந்தால் சரி என்று கணக்கு. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் வழிந்து கையில் கொட்டும். அப்படியென்றால் எண்ணெய் நிறைய இருக்கிறது, பெட்டிதான் போய்விட்டது என்று முடிவு கட்டினோம்.

கங்கையா புத்தூர் போன் பூத்துக்குக் கூப்பிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றான். அதற்குள் தணிகாசலமும் ஆள் அனுப்பிவிட்டார். தணிகாசலம் ஊர்ப் பக்கத்துப் பெரிய குடித்தனக்காரர், நிலம் நிறைய வைத்திருப்பவர். பஞ்சாயத்தில் அவர் இருமினால் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள். அப்போதுதான் பளபளவென்று ஒரு புது வேன் இறக்கியிருந்தார். ஜீப்பை எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அவருக்கு எதற்கு அந்தப் பழைய இரும்பு? அதில் ஏறுகிற நாங்கள்தான் வேண்டும். வேன் வைத்தவருக்கு ஜீப் ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

செல்லியம்மா அன்றைக்குச் சோறு துன்னவில்லை. வாசலில் உட்கார்ந்து ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வித்துட்டா என்னக்கா பண்ணுவே என்று கேட்டேன்.

"இன்னா பண்றது? மறுபடியும் அவர் கயனியிலதான் களை எடுக்கணும். என் மாமியா இடுப்பு எப்படி வளைஞ்சு போச்சுன்னு நீ பாத்தியே. நான் குனிய மாட்டேன்டி."

மறுநாள் அழுகிற கியரோடு திருப்பதிக்குக் கிளம்பினோம். ரேணிகுண்டா ரோட்டில் முனிகிருஷ்ணன் என்ற மெக்கானிக்கின் ஷெட். அவர் சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அடியில் போய் நட்டைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. விரலை விட்டார், காய்ந்த விரலாகவே வெளியே வந்தது. கம்பியை வளைத்து உள்ளே விட்டபோதுதான் அதன் நுனியில் கொஞ்சம் ஈரம்.

செல்லியம்மாவுக்கு வந்ததே கோபம். நேற்றுப் பார்த்தபோது வழிந்த எண்ணெய் இன்றைக்கு எங்கே போனது, என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கத்திவிட்டாள். அந்த மனுஷனும் லேசுப்பட்டவர் இல்லை, தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். சத்தம் அடங்கியபின், எங்கே நிறுத்திப் பார்த்தாய் என்று கேட்டார். வீட்டு வாசலில் என்றாள். வாசல் எப்படி இருக்கும் என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் காலனி பாறைச் சரிவில் இருக்கிறது. வண்டி எப்போதும் நட்டு இருக்கிற பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாசைச் சாய்த்துக் காட்டினார். அரை கிளாஸ் டீதான். ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, மறு பக்கம் அடி கண்ணாடி தெரிந்தது.

அடச்சே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை காலம் அரைப்பெட்டி எண்ணெயில் வண்டி ஓட்டியிருக்கிறோம்.

மிச்ச எண்ணெய் எங்கே போனது என்பதையும் அவர் காட்டினார். பெரிய கியர்பாக்ஸோடு ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பெட்டி. முன் சக்கரத்துக்கு இழுவை கொடுப்பது அதுதான். நடுவில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற அடைப்பு தேய்ந்துபோனால் பெரிய பெட்டி எண்ணெய் சின்னதுக்குள் இறங்கிவிடும். இந்த வகைப் பழைய வண்டிகளில் இது நடப்பதுதான். சின்னப் பெட்டியின் நட்டைத் தொட்டதும் எண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாரம் ஒரு தடவை பார், அங்கே அதிகமானதை இறக்கு, இங்கே குறைந்ததை ஊற்று என்றார். ராத்திரி முழுக்க ஆறின வண்டியாக இருக்கணும், இன்ஜின் போடுவதற்கு முன்னால் பார்க்கணும், தரை மேடு பள்ளம் இல்லாமல் மட்டமாக இருக்கணும் என்றார்.

இறக்கின எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி வெயிலில் பிடித்தார். பொன் நிறத்தில் தூள் மின்னியது. அது பித்தளை. சிரஞ்சீவி வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் ஆசையாக ஊற்றியது அந்தக் காலத்தில் புதிதாக வந்த விலை கூடின எண்ணெய். டப்பாவில் ஐந்தாம் நம்பர் என்று போட்டிருக்கும். அதிலிருக்கிற மருந்து பின்பக்கத்து அச்சுப் பெட்டிக்கு நல்லது, இந்த கியர்பாக்ஸின் பித்தளை வளையத்தை மட்டும் அரித்துவிடும். இதற்கு நாலாம் நம்பர்தான், கெட்டித்தன்மை தொண்ணூறு என்று போட்டிருக்கணும் என்றார். கெட்டுப்போன ஒரு வளையத்தை மாற்றிக் கொடுத்தார். எண்ணெயை நீயே பார்த்து வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

எண்ணெய்க் கடை சம்பத் மேலிருந்து ஐந்தாம் நம்பரைத்தான் எடுத்து வைத்தான். லேட்டஸ்ட்டும்மா, எல்லாரும் இதான் வாங்குறாங்க என்றான். அந்த நாளில் கடையில் எதைக் கேட்டாலும் புதுசு புதுசு என்றுதான் தலையில் கட்டுவார்கள். செல்லியம்மா டப்பாவைத் திருப்பி, பின்னாலிருந்த பொடி எழுத்தில் நம்பரை மட்டும் பார்த்தாள். தள்ளி வைத்தாள்.

"எல்லாரும் வாங்கட்டும். என் பெட்டிக்கு நாலு. தொண்ணூறு கெட்டி. இருந்தா குடு, இல்லாட்டி வேற கடை இருக்குது."

நாலாம் நம்பரை ஊற்றிக்கொண்டு திரும்பி வரும்போது கியர் அழவில்லை. நான் கம்பியைப் பிடிக்கவும் தேவைப்படவில்லை. என் கைக்கு வேலை இல்லாமல் போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் வாரா வாரம் எங்கே பார்ப்பது? எங்களுக்கென்று இடம் ஒதுக்கியவர்கள் பார்த்துப் பார்த்துக் கரட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வெங்காயத்தைக் கீழே வைத்தால் கதவுவரை உருண்டு போகும். ஊருக்குள் போகிற தார் ரோடும் ஒரே இறக்கம்தான். செல்லியம்மா முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்துப் பார்த்தாள். அடியில் படுத்திருக்கும்போது ஒரு கல் நகர்ந்தது. நான் போட்ட கூச்சலில் உருண்டு வெளியே வந்தாள், இல்லாவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

வேலங்கண்டிகையில் மேடு பள்ளம் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஊர் நடுவில், கோயிலுக்கு எதிரே இருக்கும் சிமென்ட் களம். தானியம் காய வைக்க எல்லாருக்குமென்று அரசாங்கப் பணத்தில் போட்டது. பேருக்குத்தான் எல்லாருக்கும். எங்கள் வேர்க்கடலையை நாங்கள் தார் ரோட்டில் காயப்போடுவோம், லாரி ஏறி நசுக்கிவிட்டுப் போகும். காலனிக்காரர் வரக்கூடாது என்று களத்தில் யாரும் போர்டு மாட்டவில்லை. மாட்டாமலே நாங்கள் போகாமல் இருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செல்லியம்மா இன்ஜின் போடாமலே பிரேக்கை விட்டாள். ஜீப் சரிவில் சத்தமில்லாமல் உருண்டு இறங்கி நேராகக் களத்து நடுவில் போய் நின்றது. நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு சாக்கை விரித்தாள், மேலே ஒரு தகர டப்பாவை வைத்தாள், படுத்தாள். ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. பின்னாளில் யார் என்ன சொன்னாலும் சரி, அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

தணிகாசலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. களம் தானியத்துக்கு, வண்டி ஏற்றக்கூடாது, எண்ணெய் கறையாகும் என்றார். எங்கள் பெரியவர்கள் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். செல்லியம்மா அண்ணா என்றாள். சாக்கைக் காட்டினாள், கறையானால் நானே துடைத்துக் கொடுக்கிறேன் அண்ணா என்றாள். இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை களத்து நடுவில் அவருடைய புது வேன் குறுக்காக நின்றது. வேண்டுமென்றே நிறுத்தியிருந்தார். ராத்திரியே கொண்டுவந்து விட்டிருக்கிறார், வெட்கங்கெட்ட வேலை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பிடலாம்க்கா என்றேன். செல்லியம்மா பிரேக்கை மிதிக்கவே இல்லை. ஸ்டீயரிங்கை ஒடித்து, வேனுக்கு ஒரு முழம் தள்ளி, பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

கும்பல் கூடிவிட்டது. தணிகாசலமும் வந்தார். அவள் கீழே இறங்கி வேனைச் சுற்றிப் பார்த்தாள்.

"தானியத்துக்குத்தான் களம்னு சொன்னீங்களே. இது இன்னா தானியம்ணா?"

யாரோ பின்னால் சிரித்துத் தொலைத்தார்கள். தணிகாசலத்தின் முகம் மாறியது. அப்போதுதான் கறை, தானியம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உள்ளே இருந்ததை வெளியே சொன்னார்.

"உங்க ஆளுங்க வந்து படுக்குற எடமா இது?"

செல்லியம்மா கையிலிருந்த சாக்கைப் பார்த்தாள். அதை மடித்து என்னிடம் கொடுத்தாள். டப்பாவையும் கொடுத்தாள். வெறும் சிமென்ட் தரையில் படுத்து ஜீப்புக்கு அடியில் போனாள். சின்னப் பெட்டியின் நட்டைத் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு எண்ணெய் தரையில் கொட்டுகிற சத்தம். அது கறுப்பாகப் பரவி வேனின் சக்கரம்வரை போனது. அதிகமானது தானாகச் சொட்டி நிற்கும்வரை அவள் அசையாமல் படுத்திருந்தாள். அப்புறம் பெரிய பெட்டியின் நட்டைத் திறந்து, புது டப்பாவிலிருந்து ஊற்றி, விளிம்பில் விரலை வைத்துப் பார்த்து, இரண்டையும் இறுக்கினாள்.

வெளியே வந்தபோது ரவிக்கை முதுகெல்லாம் எண்ணெய். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவருக்கு நேராக நின்றாள்.

"கறையாவும்னுதானே சொன்னீங்க? ஆவட்டும். அடுத்த வெள்ளிக்கெழமையும் வருவேன்."

வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். நாங்களும் வேர்க்கடலை மூட்டைகளை அந்த ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டுபோய் அதே களத்தில் கொட்டிக் காயப்போட்டோம், யாரிடமும் கேட்கவில்லை. கங்கையா போனில் ஜீப் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, லீவில் வந்தால் ஏறிப்பார், ஓசியில் ஏற்ற மாட்டேன் என்றாள்.

தணிகாசலம் அந்தக் கறையைத் தேய்க்கச் சொன்னார், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவச் சொன்னார், மேலே சிமென்ட் பூசினார். பூசினது அடுத்த மழையில் பெயர்ந்துவிட்டது. கறை இன்னும் களத்து நடுவில் கிடக்கிறது. நான் என் கடலையை அதன்மேல்தான் பரப்புகிறேன்.