யூதாஸ் அங்கியில் ஒரு போலந்து யூதர்

பதினோரு வருடமாக எங்கள் சர்ச் பங்கில், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தில், முப்பது வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுக்கிற யூதாஸ் நான்தான். ஒரு தடவை இயேசு வேடம் கேட்டுப் பார்த்தேன். சிலுவை தாங்காது என்றார்கள். தொப்பை அப்படி.

அதனால்தான் பங்கில் ஒரு போலந்து நாடகம் போடப்போகிறார்கள் என்றதும் விழுந்தடித்துக்கொண்டு சேர்ந்தேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு அந்த நாட்டுக்காரரே எழுதியது. நாஜி வதைமுகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்த யூதர் ஊர் திரும்புகிறார். அவர் வீட்டில், அவர் நாற்காலியில், பக்கத்து வீட்டுப் போலந்துக்காரன் உட்கார்ந்திருக்கிறான். "இது என் வீடு" என்கிறார். "ஊரே அப்படி இருந்தது, நான் ஒருவன் என்ன செய்வேன்?" என்று முனகி, சாவியை மேசையில் வைத்து அவன் தலைகுனிய வேண்டும். யூதர், நான். ஒரு தடவையாவது ராயபுரத்து சனம் எனக்காகக் கண்கலங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போலந்துக்காரன், ஒண்ணாம் வகுப்பிலிருந்து கூட இருக்கும் என் நண்பன்; துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அந்த முனகல் மட்டும் ஒத்திகையில் அவன் வாயில் நுழையவே இல்லை. மேடைக்குச் சாவி தேவைப்பட்டதால் என் வீட்டுச் சாவியையே கொடுத்தேன்.

உடைக்குப் பாஸ்கா பெட்டியைத்தான் திறந்தோம். கோட்டு எதுவும் என்மேல் ஏறவில்லை. என் அளவுக்குத் தைத்திருந்தது யூதாஸின் மஞ்சள் அங்கி ஒன்றுதான்.

"அத்தயே மாட்டு மாமு, யாரு பாக்கப் போறா?" என்றான் நண்பன். மாட்டினேன். என் மூளையும் தொப்பையில்தான் இருக்கிறது போல.

ஞாயிறு சாயங்காலம் பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. நான் மேடையில் கால் வைத்ததும் முன்வரிசையில் மீன் விற்கிற அக்கா எழுந்து நின்றார்.

"டோய், யூதாஸ் வந்துட்டான்டோய்!"

மண்டபமே ஊளையிட்டது. அடுத்தவன் வீட்டைப் பிடுங்க வந்தவன் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "இது என் வீடு" என்றேன். சிரிப்பு. நண்பன் சாவியை வைத்துத் தலைகுனிந்தால் போதும், அடங்கிவிடுவார்கள். கெஞ்சுகிற மாதிரி அவனைப் பார்த்தேன். அவன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இன்னாபா, முப்பது வெள்ளிக்காசு பத்தலியா? வூடு வேற வோணுமா?"

விசில் பறந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். திரையை இழுத்துவிட்டார்கள்.

வெளியே அவனோடு செல்ஃபி எடுக்கக் கூட்டம். நான் அங்கியோடே நடந்து வந்து என் வீட்டு வாசலில் நின்றேன். பூட்டியிருந்தது.

அரைமணி கழித்து வந்தான்.

"கோச்சுக்காத மாமு. ஊரே அப்டி கத்திகினு கீது, நான் ஒருத்தன் இன்னா பண்றது?"

ஒத்திகையில் வராத வசனம், பிசிறில்லாமல் வந்தது. சாவியைக் கொடுத்தான். தலையை மட்டும் குனியவில்லை.